பிடியை எந்தப் பக்கம் சுற்றுவது?

செய்முறை விளக்கம் எழுதுகிறவனைப் பாராட்ட யாரும் வருவதில்லை. திட்டுவதற்கென்றால் வீட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

புலவர் கைவண்ணம்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான புதிது. நான் வேலை பார்த்த கடலோர மணல் கம்பெனிக்கு ஒரு கணக்கு மெஷின் வந்தது. எண்ணை வைத்துப் பிடியை ஒரு பக்கம் சுற்றினால் கூட்டும், மறுபக்கம் சுற்றினால் கழிக்கும். அதன் ஆங்கிலப் புத்தகத்தை ஒரு புலவர் தமிழாக்கியிருந்தார். அதைச் சீர்படுத்துவது என் தலையில் விழுந்தது.

மணலை ஏற்றக் குளச்சலுக்குக் கப்பல் வருவதற்குள் புதிதாகச் சேர்ந்த ராஜம்மா மெஷினில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. புலவரோ, 'எண்ணிடு நெம்பின் முனையை ஈர்த்து நிறுவுக' என்று ஆரம்பித்திருந்தார். புத்தகத்தைப் பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டும் காசீம் இரண்டு வரி படித்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு இங்கிலீசே படிச்சிரலாம்லா!"

ஒன்பது ஒன்பதாக

நான் திருத்தி முடிக்கும்வரை மேனேஜருக்குப் பொறுமை இல்லை. புலவரின் புத்தகத்தைக் கொடுத்தே ராஜம்மாவை உட்காரவைத்தார். 'பிடியைத் திருப்புக' என்றிருந்தது. அவள் பின்பக்கமாகச் சுற்றினாள். டிங்கென்று மணி அடித்தது, ஒன்றுமில்லாததிலிருந்து கழித்ததால் கட்டங்களில் ஒன்பது ஒன்பதாக வந்து நின்றது. மெஷினை உடைத்துவிட்டாள் என்று மேனேஜர் கத்தினார். ராஜம்மா மலையாளம் கலந்து பேசும் திருவட்டாற்றுக்காரி. அழவில்லை.

"எங்க ஊருல திருப்புண்ணா திரிச்சு, பின்னோட்டுதான் சார். எழுதியிருந்தத செய்தேன்."

வலம் வந்த வரி

கடிகாரம் சுற்றும் பக்கம் என்று எழுதலாமென்றால், கடிகாரத்தைத் தரையில் வைப்பதா, சுவரில் மாட்டுவதா என்று அடுத்த கேள்வி வரும். கெட்டிக்காரத்தனமாக, 'கோயிலை வலம் வருவதுபோல்' என்று எழுதி, பெருமையோடு காசீமிடம் நீட்டினேன். அவர் ஸ்டென்சிலைத் தொடவே இல்லை.

"மக்காவுல இடமாட்டுல்லா சுத்துவாங்க. கோட்டாத்துலேருந்து எங்க ஆளு ஒருத்தன் வேலைக்கு வந்தா அவன் கழிச்சிக்கிட்டே இருப்பான் அண்ணாச்சி!"

அதை அடித்துவிட்டு, 'பிடியை முதலில் உங்கள் பக்கம் இழுத்து மேலே ஏற்றவும்' என்று மாற்றினேன்.

கப்பல் வந்த நாள்

மணலை வாங்க வந்தவர்களின் கெமிஸ்ட் அதன் தரத்துக்கேற்ற விலையைத் தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இரண்டும் பொருந்த வேண்டும். மேனேஜர் ராஜம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பிடியைத் தொட்டபோது நான் இல்லாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். எழுதிக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அவள் அசராமல் சுற்றினாள், விடையைப் படித்தாள். கெமிஸ்ட் தன் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொல்லிவிட்டு, புத்தகத்தில் எந்தப் பக்கம் உதவியது என்று அவளிடம் கேட்டார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"கடசிப் பக்கம் சார். 'சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் கேட்கவும்'ணு போட்டிருந்து. காசீம் அண்ணன்கிட்ட கேட்டேன்."

நான் எழுதியதிலேயே எல்லோருக்கும் புரிந்த ஒரே வரி, என் புத்தகத்தை மூடச் சொன்ன வரிதான்.