நல்ல நேரத்தில் அழுத்திய ஓகே

விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு எங்கள் கல்லூரியின் டிஸ்க் காணாமல் போனது. பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. சர்வர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம்ஸ் பொறுப்பாளர். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்பாட்டை அமைத்தவனும் நானே: ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, அதற்கென்று தனி நெட்வொர்க் ஸ்விட்ச், இரண்டு சர்வர்கள். ஐ-ஸ்கஸி என்ற முறையில் கேபிள் வழியாக வரும் அந்தப் பெட்டியின் டிஸ்க்கைத் தங்கள் சொந்த டிஸ்க் என்று நம்பி, சர்வர்கள் எட்டு விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளாலான கணினிகளை, ஓட்டின. வருகைப் பதிவு, நூலகம், தேர்வுப் பிரிவு எல்லாம் அந்த எட்டில் அடக்கம். இவை அழிந்தால் மீட்க வேண்டிய பேக்கப்பும் அதே எட்டில் ஒன்று. சிரிக்க வேண்டாம், உங்கள் அலுவலகத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

செயல்முறைக் கையேடும் எழுதி வைத்திருந்தேன். பதினோரு பக்கம். அதை வாசித்தவர்கள் பட்டியலில் என் பெயர் மட்டும் உண்டு.

ஆயுதபூஜையன்று எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது தாளாளர் ஐயாவின் சட்டம். மறுநாள் நல்ல நேரத்தில் கற்பூரம் காட்டி அவரே எல்லாவற்றையும் ஆன் செய்வார். அந்த வருடம் கேமரா பதிவுக்காக ஒரு புது மெஷின் வந்திருந்தது. பதிவுகளை வைக்க ஸ்டோரேஜில் இடம் கேட்டார்கள். இடத்தைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஸ்டோரேஜின் முகவரியை மட்டும் அதில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

புதுசுக்குத்தான் முதல் மரியாதை. ஸ்டோரேஜ் பெட்டி எரிந்ததும், சர்வர்களுக்கு முன்பே அதை ஆன் செய்திருக்கிறார்கள். அருகில் இருந்தவர் தேர்வுப் பிரிவு செல்வராணி. எல்லா மாணவர்களின் இன்டர்னல் மார்க்கையும் மறுநாள் மாலைக்குள் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றியாக வேண்டும். ஏறாவிட்டால் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது. அதனால் விடுமுறையிலும் வந்திருந்தார். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"என்னம்மா கேக்குது?" என்றாராம் தாளாளர்.

"டிஸ்க் ஒண்ணு புதுசா இருக்காம். தொடங்கவான்னு கேக்குதுங்க ஐயா. ஓகே, கேன்சல்னு ரெண்டு இருக்கு. சார் வந்துரட்டுமே."

"நல்ல நாளும் அதுவுமா, நல்ல நேரத்துல தொடங்கவான்னு கேக்குது. கேன்சல்னு அமுக்கச் சொல்றியா ஒன் வாயால?"

ஓகே அழுத்தப்பட்டது. அடுத்த ஜன்னல், ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. அதற்குள் பொரியும் சுண்டலும் வந்துவிட்டன. தாளாளர் எதையும் அழுத்தாமல் தட்டைப் பார்த்துத் திரும்பினார். என் பணிக்காலத்தில் எந்த ஆண்டிவைரஸும் அந்தச் சுண்டல் அளவுக்கு உதவியதில்லை.

பிறகு பழைய சர்வர்களை ஆன் செய்தார்கள். எட்டு மெஷின்களும் இல்லை. வீட்டில் பூஜை முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது செல்வராணி வாசலிலேயே நின்றார்.

"மார்க்கு பூராம் போச்சா சார்?"

"யாரும் எதையும் அமுக்காதீங்க" என்றேன்.

பார்த்ததில் புரிந்தது. புது மெஷின் அழித்தது டிஸ்க்கின் முன்பக்கத்தில் உள்ள சிறு அட்டவணையை மட்டும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு அது. உள்ளே இருந்தவை அப்படியே இருந்தன. பழைய தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் மறுபடி எழுதினால் போதும். இரண்டும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. கையேடு சரஸ்வதி பூஜை அடுக்கில் இருந்தது.

புது மெஷினின் கேபிளைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். செல்வராணி வாசிக்க, நான் தட்டினேன். நடுவில் வாசிப்பதை நிறுத்தினார்.

"இது ஆறா எட்டான்னு தெரியல சார். சந்தனத்தை அப்பி வச்சிருக்காக."

"சொரண்டுங்க."

"சாமிக்கு வச்சது..."

"சாமியையும் நான்தான் சமாளிக்கணுமா? சொரண்டுங்கம்மா."

நகத்தால் மெல்லச் சுரண்டினார். எட்டு. முடிவு எண்ணை எழுதிவிட்டு சர்வரை மறுபடி தேடச் சொன்னேன். டிஸ்க் வந்தது. ஒவ்வொன்றாக மெஷின்கள் எழுந்தன. அவர் மார்க் பட்டியலைத் திறந்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை இறக்கிப் பார்த்த பிறகே உட்கார்ந்தார்.

தாளாளர் எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஓடுதுல்ல? நல்ல நேரத்துல தொட்டது வீண் போகாதுய்யா."

"ஆமாங்கய்யா" என்றேன். முப்பது வருட அனுபவத்தில் கற்ற பதில் அது.

அவர் போனதும் செல்வராணி கேட்டார். "சார், நம்ம டிஸ்க்கு அந்தப் புது மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அன்று முழுவதும் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. கையேட்டின் ஏழாவது வரி என்னுடைய கையெழுத்தில் இருந்தது: 'அனுமதி பெற்ற சர்வர்களின் பெயர்களை மட்டும் சேர்க்கவும்.' அமைத்த நாளில் சோதனைக்காக, முகவரி தெரிந்த எந்த மெஷினும் டிஸ்க்கைத் தொடும்படி திறந்து வைத்தேன். நாளைக்கு மூடலாம் என்றிருந்தேன்.

"நான்தாம்மா தொறந்து போட்டிருந்தேன்" என்றேன்.

அவர் சந்தனம் ஒட்டிய நகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மார்க் ஏற்றப் போய்விட்டார்.

நான் இரண்டு சர்வர்களின் பெயர்களைச் சேர்த்து, மற்றவற்றுக்குக் கதவை மூடினேன். நான்கு நிமிடம் ஆனது. இரண்டு வருடமாக எனக்குக் கிடைக்காத நான்கு நிமிடம்.