டேப்பில் ஏறாத சந்தை

புத்தூர் சந்தையை விட்டுத் திருப்பதி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டரின் வார் தோளை அறுத்தது. இரவல் கருவி. திருப்பதி மைக்செட் கடைக்காரர் கடை மூடுவதற்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்குக் காசில்லை. ரிக்கார்டரில் எனக்கு வேண்டியதும் இல்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகத் திரிந்து நாடகக்காரர்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தேன். சந்தையைப் பற்றிய ஒரு பாட்டு பாதியில் நின்றிருந்தது. புத்தூரில் பேரம் தமிழில் தொடங்கும், விலை சொல்லத் தெலுங்குக்குப் போகும், திட்டுவதற்குத் தமிழுக்கே திரும்பும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் என் மெட்டு இருந்தது. நானே சொல்லிப் பார்த்தால் வரவில்லை. அதனால் பதிவு செய்யப் போனேன்.

எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எது சென்னை ராஜ்யத்துக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். நான் ரிக்கார்டர் மூடியைத் திறந்ததும் வெங்காயக்காரர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"எல்லை ஆபீசுலேர்ந்து வர்றீங்களா?"

"இல்லீங்க. பாட்டுக்கு."

"நாங்க தமிழ்க் குடும்பம். பதிவு பண்ணிக்குங்க."

எதிரே மிளகாய் விற்றவர் உடனே எழுந்து, பள்ளிக்கூடத் தெலுங்கில் தன் பரம்பரையைச் சொல்ல ஆரம்பித்தார். சற்றுமுன்தான் இருவரும் ஒரே பீடியைப் பகிர்ந்துகொண்டு இரண்டு பாஷையையும் கலந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கத்திரிக்காய் விற்ற அம்மாளிடம் போனேன். "வீசை இரண்டணா. காய் மிகவும் நன்றாக உள்ளது," என்றாள்.

பக்கத்தில் இருந்த புருஷன், "இன்னாடி, ரேடியோல வந்துட்டியா?" என்றான்.

"நீ சும்மா கெட. ஒரு தெலுங்கு வார்த்த வாயில வந்துச்சின்னா ஊரையே அந்தாண்ட தள்ளிடுவாங்க."

"யம்மா, எப்பவும் பேசற மாதிரி பேசும்மா," என்றேன்.

"எப்போதும் இப்படித்தான் பேசுவேன்."

மூடியைச் சாத்தினேன். "ஏமய்யா, வங்காய எந்தான்னு கேட்டுட்டு சும்மா போய்க்கினே இருக்கற?" என்று, கத்திரிக்காய் விலை கேட்டுவிட்டு நகர்ந்த வேறொருவனைக் கூப்பிட்டாள். அவசரமாகத் திறந்தேன். மறுபடி வாயை மூடிக்கொண்டாள். பாட்டரி தீரும்வரை இதே கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கருவியைக் கீழே போட்டிருப்பேன். இரவல் என்பதால் போடவில்லை.

வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டதால் நேரத்துக்குக் கடை சேர்ந்தேன். கடைக்காரர் வேறு பாட்டரி போட்டு டேப்பை ஓடவிட்டுக் கேட்டார்.

"பாகுந்தே, நல்லா வந்துகீது. சந்தைன்னு சொன்ன, ஒரு எரச்சல் இல்ல. சுத்தமா கீது."

அதுதான் கோளாறு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் கல்யாண நாகஸ்வரத்தை அதன்மேல் பதியப்போவதாகச் சொன்னார். பதிந்துகொள்ளுங்கள் என்றேன்.

காலையில் திருப்பதிக் காய்கறி மார்க்கெட்டில் கூடை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சுமைகூலிக்காரனுக்காக யாரும் பேச்சைத் திருத்திக்கொள்ள மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது சரிதான். ஆனால் தலையில் பூசணிக்காய்க் கூடை ஏறியபின் என் மூச்சு இரைக்கும் சத்தம் மற்றதையெல்லாம் மூடிவிட்டது.