சீட்டு எடுக்கும் நாளில் ஒரு சுற்றுலா

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து குப்புராஜின் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லீவு முடிவதற்குள் எங்கேயாவது கூட்டிப் போ என்று மகள் பூமிகா நச்சரித்தாள். டச்சுக்காரர்கள் இருந்த பழைய ஊர், கால்வாய், படகு எல்லாம் இருக்கிறது என்று ஆசை காட்டி ஆரம்பாக்கத்திலிருந்து அழைத்து வந்தவன் அவன்தான். ஆனால் வந்த காரியம் வேறு. இன்று அவன் பிறந்த குப்பத்தில் பாடு சீட்டு எடுக்கிறார்கள்.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் யார் எங்கே வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் வாசலில் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். வெளி வேலைக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. வேலையை விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் பத்து வருஷத்துக்குள். குப்புராஜுக்கு இதுதான் கடைசி வருஷம்.

அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. செக்கச்செவேலென்று வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து படுத்தாலும் கண்ணுக்குள் அந்தச் சிவப்பு ஓடிக்கொண்டே இருக்கும், தூங்காமல் புரளுவான். மனைவி சுமலதா நெல் வயல்காரர் வீட்டுப் பெண். ஷேர் ஆட்டோவில் பார்த்துப் பழகி, வீட்டை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவள் கேட்டது ஒன்றுதான்: ஏரி வேலை வேண்டாம், தண்ணீருக்குப் போன ஆளை எதிர்பார்த்துக் கரையில் நிற்க என்னால் ஆகாது. அவனும் சரி என்றிருந்தான். அதனால்தான் இன்று வாயைத் திறக்கவில்லை. மனைவியையும் மகளையும் படகில் ஏற்றிவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து, இதுக்கு ஏன் சட்டை போடலை என்று கேட்டாள் பூமிகா. அவன் காதில் விழவில்லை. கோட்டை அகழியில் முள் மண்டிக் கிடந்தது. நின்று பார்க்கக்கூட விடாமல் அவர்களை இழுத்துக்கொண்டே முன்னால் நடந்தான். கழுத்தில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுக்கிறாயே என்று சுமலதா முணுமுணுத்தாள்.

படகுத்துறையில் அவள் தனியாக ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அவனும் ஏற வேண்டியதாயிற்று. படகுக்காரன் அவன் சித்தப்பா மகன் அன்புராஜ். கால்வாய் ஏரியில் சேரும் இடம் தாண்டியதும் அன்புராஜ் சிரித்தான்.

“இன்னாண்ணா, அங்க சீட்டு எட்த்துக்கினு கீறாங்க, நீ இங்க டூர் சுத்திக்கினு கீற?”

சுமலதா திரும்பிப் பார்த்தாள். என்ன சீட்டு என்று அன்புராஜிடம்தான் கேட்டாள். அவனும் சொல்லிவிட்டான். கடைசி வருஷம் என்பதையும் சேர்த்து.

அவள் குப்புராஜ் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“கம்பெனிய உட்டுட்டியா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

“என்கிட்ட எப்ப சொல்றதா இருந்த? வலைய தோள்ல போட்டுக்கினு கெளம்பும்போதா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பத்துக்குத் திருப்பச் சொன்னாள் அன்புராஜிடம். கரைக்குச் சற்று முன்னாலேயே படகு சேற்றில் தட்டியது. குப்புராஜ் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடினான்.

கோயில் வாசலில் அவன் பேரை ஒரு தரம் கூப்பிட்டாகிவிட்டது. இரண்டாம் தரம் கூப்பிடும்போது ஈரம் சொட்டப் போய் நின்றான். கம்பெனி வேலை விட்டாச்சா என்று தலைவர் கேட்டார். அவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் வந்துகொண்டிருந்தாள் சுமலதா.

“என் பொண்டாட்டிய கேக்கணும்,” என்றான்.

கூட்டம் சிரித்தது. பிறந்த ஊருக்கு வர்றதுக்குப் பாஸ் வாங்கணுமாப்பா என்றார் ஒருவர். அவன் அசையவில்லை. அவள் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“பயம் எனக்குப் போவல. ஆனா நீ ராத்திரியெல்லாம் பொரள்றத பாக்கறது அதவிட பேஜாரா கீது,” என்றாள். “எட்த்துக்கோ. இனிமே டூர்னு சொல்லி என்ன எங்கயும் கூட்டிக்கினு வராத.”

“விட்டுட்டேன். இருக்கேன்,” என்றான் தலைவரிடம்.

பானைக்குள் கைவிட்டு எடுத்த சீட்டைத் தான் பிரிக்காமல் அவளிடம் நீட்டினான். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவள் பிரித்துப் படித்தாள். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவன் ஏரிப் பக்கம் கையைக் காட்டினான். அவ்வளவு தூரமா என்றாள்.