அறாத முடி

பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்தபோது எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் கிடந்தால் பரவாயில்லை. நான் திறந்தே இராத துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒரு முடி கிடந்தது. மடித்து வைத்த துணிகளுக்குள் கிடந்தது. என் முடியோடு இன்னொருத்தி, நான் இல்லாத அறைகளில் நடமாடுகிறாள் என்று தோன்றும்.

"ஒரு மருமகளத்தான் கட்டியாந்தோம். வூட்டுல நாலு பேரு தலை சீவுற மாதிரி இருக்குது" என்று மாமியார் சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "சுருட்டித் துப்பிட்டுப் போடும்மா. யார் கைக்காவது கிடைச்சா நல்லதுக்கில்ல."

படித்தவள்தான் நான். ஆனாலும் துப்பிவிட்டுத்தான் போட்டேன். கூடவே அதியமான்கோட்டை மருந்துக்கடையில் பயோட்டின் மாத்திரையும் வாங்கினேன். முடியின் புரதம் உருவாக உதவும் பி வைட்டமின், முடி அறாமல் உறுதியாகும் என்று போனில் படித்திருந்தேன்.

ஒரு மத்தியானம் பாப்பா வீரிட்டு அழுதாள். பாலுக்கும் அடங்கவில்லை, தோளுக்கும் அடங்கவில்லை. மாமியார் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை.

"பாத்தியா, கமறவே இல்ல."

எனக்கோ மாத்திரை மேல் பயம். பால் வழியாக இறங்கியிருக்குமோ? தினமும் நானே கொடுத்துவிட்டேனோ?

உடம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாக்ஸைக் கழற்றினேன். ஒரு கால்விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதன் அடியில் வட்டமாக ஒரு பள்ளம். வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே கறுப்பாக மின்னியது. என் முடி. நகத்தால் நெம்பினேன், அறவில்லை. அறாத முடி வேண்டுமென்றுதானே மாத்திரை விழுங்கினேன்?

கணவர் வண்டியை எடுத்தார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, கூர்நுனிக் கத்தரியால் முடியை வெட்டி எடுத்தார். "இன்னும் விட்டிருந்தா விரலே போயிருக்கும்." மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது. அப்போதுதான் பாப்பாவின் அழுகை விசும்பலானது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. முட்டை, கடலைக்காய் சாப்பிடுறீங்கல்ல? அப்ப பயோட்டின் குறைய வாய்ப்பில்ல. குறைஞ்சவங்களுக்குத்தான் அது முடிக்கு உதவும். பிரசவத்துக்கப்புறம் கொட்டுறது மாத்திரைக்கு நிக்காது, தானா நிக்கும். முடியை இறுக்கிக் கட்டுங்க. சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டுப் போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துவைத்து மடித்திருந்த சாக்ஸ்களை எடுத்தேன். முதல் ஜோடியில் ஒன்றுமில்லை. அடுத்ததைத் திருப்பினேன். விரல் நுழையும் இடத்தில் ஒரு முடி, வட்டமாகச் சுருண்டு கிடந்தது.