கரும்பு மிஷினில் ஓட்டிய வாழ்த்து அட்டை

என் கரும்பு ஜூஸ் வண்டியில், ஐஸ் பெட்டிக்கு மேலே ஒரு கம்பி கட்டி, பிளாஸ்டிக் கவர் போட்ட வாழ்த்து அட்டைகளைத் துணி காயப்போடுவது மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஜூஸ் குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர், "பேத்தி ஸ்கூல்ல செஞ்சதா?" என்று கேட்பார்கள். எனக்குப் பேத்தியே கிடையாது. சுருக்கென்று கோபம் வரும். "அத்தத் தொடாத. ஜூஸ் குட்ச்சோமா, போனோமான்னு இரு" என்பேன். அப்புறம் மனசு கேட்காது. நானே ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொல்லி, கதையையும் சொல்லிவிடுவேன். இஞ்சி போடவா, எலுமிச்சை போடவா என்று கேட்க வேண்டிய நேரத்தில் கதையளந்தால் வியாபாரம் உருப்படுமா என்று என் வீட்டுக்காரி வேம்புலியம்மாள் திட்டுவாள். திட்டட்டும்.

அட்டைகளைச் செய்தவள் பெயர் சுரேகா. எங்களுக்குப் பக்கத்துத் தெரு. புருஷன் தேவா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இவள் தொழிற்பேட்டையை ஒட்டின ஒரு சின்ன பிரஸ் கம்பெனியில் தகடு வெட்டுகிற மிஷினில் நின்றாள். ஷிப்ட் முடிந்ததும் என் வண்டிக்கு வருவாள். ஒரு ஜூஸ், ஐஸ் இல்லாமல்.

"ஐஸைப் போட்டு கிளாஸை ரொப்பிடுவ அண்ணாத்தே. உன்னிய எனக்குத் தெரியாதா?" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. எனக்கும் ஜாஸ்தி. அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கம்பெனிப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். நடுவில் சுரேகா. வலது கையைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தார்கள். துப்பட்டா முழுக்க ரத்தம். ஆள்காட்டி விரலும் நடு விரலும் மிஷினில் துண்டாகிப் போயிருந்தன. ஒருத்தர் கையில் கர்ச்சீப், அதற்குள் அந்த விரல்கள்.

"ஐஸு! ஐஸு குடுப்பா!" என்று அவர் என் பெட்டிக்குள்ளேயே அதைப் போடப் போனார். நல்ல வேளை, இன்னொருத்தர் போனில் நூற்றியெட்டைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். போனில் பேசிய பெண், "நேரா ஐஸ்ல போடாதீங்க! சுத்தமான ஈரத்துணியில சுத்துங்க, கவர்ல போட்டுக் கட்டுங்க, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க" என்று அதட்டினாள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கரும்பை மூடுவதற்காக வேம்புலியம்மாள் துவைத்துக் கொடுத்திருந்த துண்டைக் கிழித்தேன். பார்சல் கவர் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்ததும் ஐஸ் பெட்டியையே தூக்கி உள்ளே வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். வேறு யாராவது நின்றிருந்தால் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் வைத்துத் தைத்தார்கள். நடு விரல் ஒட்டவில்லை, எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. கட்டெல்லாம் பிரித்த பிறகு ஒரு நாள் வண்டிப் பக்கம் வந்தாள். கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

"ஒட்டிகிச்சேமா, அப்புறம் இன்னா?" என்றேன்.

"ஒட்டிகினு கீது அண்ணாத்தே. ஆனா என்னுதுன்னே தோணல. காலைல பால் சட்டியத் தொட்டுட்டேன். சுட்டதே தெர்ல. கொப்புளத்தப் பாத்துதான் தெரிஞ்சுது."

நரம்பு துளிர்த்தால் உணர்ச்சி வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராவிட்டால் அந்த விரல் சூடு தெரியாமல், வெட்டு தெரியாமல் புண்ணாகிக்கொண்டேதான் இருக்கும். அடுப்படியிலும் பயம், வேலைக்குப் போனாலும் பயம்.

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிற சபீனா மேடம் ஒரு வழி சொன்னார். ஓர் அட்டையில் உப்புத்தாள், பஞ்சு, சாக்கு, வெல்வெட்டுத் துணி எல்லாம் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். முதலில் பார்த்துக்கொண்டே அந்த விரலால் தடவ வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவி, எது சொரசொரப்பு, எது வழவழப்பு என்று சொல்ல வேண்டும். விரல் மறந்துபோனதைத் திரும்பக் கற்றுக்கொள்ளுமாம்.

"ஒரே அட்டையத் தடவிகினு இருந்தா பைத்தியமே புட்ச்சிடும்" என்றாள் சுரேகா. அதனால் தினமும் புதுசு புதுசாக ஒட்ட ஆரம்பித்தாள். ஒட்டுகிறதுதான் ஒட்டுகிறோம், அழகாகத்தான் ஒட்டுவோமே என்று அதன் மேல் படம் போட்டாள். படம் போட்டதைச் சும்மா வைத்திருப்பானேன் என்று, தனக்கு உதவினவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தாள். அப்படித்தான் வாழ்த்து அட்டை வந்தது.

ஆடி மாசம் எனக்கு முதல் அட்டை. சாக்கைப் பிரித்து ஒட்டிய சொரசொரப்பான தரை, அதன் மேல் கூழ்ப் பானை, ஓரத்தில் நிஜ வேப்பிலை. கீழே இடது கையால் கோணல்மாணலாக, 'ஐஸ் குடுத்த அண்ணாத்தேக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள். என் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எனக்கென்று எழுதின அட்டை எதையும் நான் பார்த்ததில்லை. "வேற வேல இல்லியா உனக்கு?" என்று முறைத்தேன். அவள் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவர் போட்டு மாட்டினேன்.

அப்புறம் சீசனுக்கு ஒன்று வந்தது. ஐப்பசியில் கோந்தைச் சொட்டுச் சொட்டாகக் காயவிட்டு மழை. தீபாவளிக்குத் தீப்பெட்டியின் உரசுகிற பட்டைகளை வரிசையாக ஒட்டி, மேலே ஜிகினாப் புஸ்வாணம். மார்கழிக்குத் தன் கையில் சுற்றியதில் மிச்சமிருந்த கட்டுத்துணியையே ஒட்டிப் பனி ஆக்கினாள். அந்தப் பனிக்குள் ஆவடி லோக்கல் ரயிலின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஒன்று, சபீனா மேடத்துக்கு ஒன்று. போனில் அதட்டிய பெண்ணுக்கும் ஒன்று செய்துவைப்பாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. "என்னிக்காவது பாத்தா மொத்தமா குடுப்பேன்" என்பாள்.

ஒவ்வொரு அட்டையையும் கொடுக்கும்போது என் எதிரிலேயே கண்ணை மூடி, அந்த விரலால் தடவுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஒண்ணும் தெர்ல" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வரவர லேட்டாக வந்தது. மார்கழியில் வரவே இல்லை.

பொங்கலுக்கு, கை வார்டில் இருக்கிற எல்லாருக்கும் அட்டை செய்து தர முடியுமா என்று சபீனா மேடம் கேட்டார். சுரேகாவுக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பு மாதிரியே வரி வரியாகப் பின்னணி வேண்டும் என்று விளக்குமாற்றுக் குச்சியை ஒட்டினாள், நூலை ஒட்டினாள், எதுவும் திருப்தியாக வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்தே, அந்த உருளைல கோடு கோடா கீதே. அதுல அட்டைய உட்டா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இன்னாமா, பட்டது பத்தலியா உனக்கு? மிஷின்ல கைய உடப் போறியா?"

"நான் எங்க உடறேன்? நீதான் உடப் போற. நான் தள்ளி நிக்கறேன்."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? மோட்டாரை நிறுத்தினேன். உருளைகளில் வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். அட்டையை லேசாக ஈரமாக்கி ஒரு பக்கம் நுழைத்து, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினேன். அவள் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று அரைக் கண்ணால் பார்த்தாள். அந்தப் பக்கம் அட்டை வரி வரியாக, இளம்பச்சைக் கறையோடு வெளியே வந்தது. சுரேகா ஓடி வந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டு முழுக்க ஓட்டித் தந்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி மார் தட்டிக்கொண்டேன்.

போகியன்று காலையில் படம் வரைந்து முடித்த அட்டைகளைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். தேவா ஆட்டோவுக்கு கேஸ் நிரப்பிக்கொண்டு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. பையை என் வண்டியடியில், கரும்புச் சக்கை மேல் வைத்துவிட்டு என்னோடு வாயாடிக்கொண்டிருந்தாள். பையைத் திரும்ப எடுத்தபோது அது முழுக்க எறும்பு.

"போச்சுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெந்நீர் ஊற்றினேன், தேய்த்தேன், என்ன பிரயோஜனம்? உருளைப் பள்ளத்தில் ஊறின கரும்புச் சாறு அட்டைக்குள் இறங்கியிருக்கிறது. சிவப்பெறும்பு, கடித்தால் சுள்ளென்று இருக்கிற ஜாதி, வரி வரியாக மேய்ந்துகொண்டிருந்தது. சுரேகா அட்டைகளைத் தரையில் கொட்டி இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தாள்.

"இதுவா பொங்கல் வாழ்த்து? எறும்புக்கு வெச்ச விருந்துமா இது! நான் அப்பவே சொன்னேன், கேட்டியா நீ?" நான் கத்திக்கொண்டே போனேன்.

"ஆ!" என்று கையை உதறினாள் சுரேகா.

"கட்ச்சிடுச்சா? காட்டு இப்டி." தட்டிவிடப் போனேன்.

"தட்டாத! அத்தத் தட்டாத அண்ணாத்தே!" என்று அலறினாள். "வலிக்குது."

"எறும்பு கட்ச்சா வலிக்காம..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எறும்பு தொங்கிக்கொண்டிருந்தது வலது கை ஆள்காட்டி விரல் நுனியில்.

"அந்த வெரலா?"

"அந்த வெரல்தான்! வலிக்குது அண்ணாத்தே, சுள்ளுனு வலிக்குது!" என்று சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். இந்த வயசில் நடுரோட்டில் நின்று அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கூட்டம் கூடிவிட்டது. தேவா ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"எறும்பு கட்ச்சிடுச்சிப்பா" என்றேன்.

"எறும்பு கட்ச்சதுக்கா ரெண்டு பேரும் இந்த அழுவ அழுவுறீங்க?"

சுரேகா விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அட்டைகளை உதறி, வெயிலில் காட்டி, அவனேதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சபீனா மேடம் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதல்ல வலிதான் வரும் சுரேகா. மத்ததெல்லாம் பின்னாடி மெதுவா வரும்" என்றாராம். வார்டில் இருந்த ஒவ்வொருத்தரிடமும் எறும்புக் கதையைச் சொல்லித்தான் அட்டையைக் கொடுத்தாராம். மாட்டுப் பொங்கலன்று சுரேகா இன்னோர் அட்டை கொண்டுவந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் குனிந்து அதைச் சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வரிகளுக்கு நடுவே ஓர் எறும்பு வரிசை, கீழே, 'கட்ச்ச ராசாவுக்கு நன்றி.'

"ஐஸு குடுத்தவன் நானு, மிஷின் குடுத்தவன் நானு. கார்டு எறும்புக்கா?" என்று எகிறினேன். ஆனால் அன்றிலிருந்து வண்டிச் சக்கரத்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் போடுவதை விட்டுவிட்டேன்.

மாசியில் உப்புத்தாள் தெரிந்தது. பங்குனியில் கண்ணை மூடிக்கொண்டே என் மிஷினில் ஓட்டிய அட்டையின் வரிகளைத் தடவி, "கோடு கோடா கீது" என்றாள். சித்திரை பிறந்து வெயில் ஏறின ஒரு மத்தியானம், வண்டி முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு ஜூஸ் குடு அண்ணாத்தே. ஐஸ் போட்டு."

"இன்னாமா அதிசயம்? ஐஸைப் போட்டு கிளாஸை ரொப்பிடுவேனே."

"ரொப்பு."

கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த விரலைக் கிளாஸின் மேல் வைத்தாள். ரோட்டில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று. அவள் விரலை எடுக்கவில்லை.

"சில்லுனு கீது அண்ணாத்தே" என்றாள்.

நான் பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு கட்டி ஐஸ் எடுத்துப் போட்டேன்.