முதல் வியாழக்கிழமையின் மர்மம்

அக்கரையில் கொசு என்பார்கள், இலங்கையில் நுளம்பு. கடி ஒன்றுதான். அந்தக் கடிக்கு எதிராக மாதொலகமப் பிரிவில் அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த ஒரே ஆள் படையின் பெயர் உபதிஸ்ஸ கொடிதுவக்கு. பதவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஆயுதங்கள், நீளக் காம்பு வைத்த வெள்ளை அகப்பையும் ஒரு டோர்ச் லைட்டும். வாகனம், பீடிக் கிழவரைப்போல் தினமும் காலையில் இருமி இருமி உயிர் பெறும் ஒரு மோட்டார் சைக்கிள்.

வாலிபத்தில் அவர் கடற்படையில் சேரப் போனவர். பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரி கடலில் வந்தால் என்ன, பூச்சாடியில் வந்தால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு சுகாதாரத் துறைக்கு வந்தார். அன்று முதல் பிறர் வீட்டுக் கொல்லைகளிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்தது. ஊரில் யார் வீட்டு முகப்பு என்ன நிறம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். கொல்லையைக் கேட்டால், தேங்காய்ச் சிரட்டை எந்தப் பக்கம் மல்லாந்து கிடக்கிறது என்பது வரை ஒப்பிப்பார்.

பிரிவிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் மாதத்தில் ஒரு நாள். சொந்த ஊரான மாதொலகமவுக்கு முதல் வியாழன். அவர் தேடுவது குடம்பி, அதாவது தேங்கிய தண்ணீரில் நெளிந்துகொண்டு சிறகு முளைக்கக் காத்திருக்கும் நுளம்புக் குஞ்சு. கண்டால் சிவப்பு நோட்டீஸ், பிறகு கோர்ட்டு. ஆனால் பல வருடங்களாக மாதொலகமவில் அவருடைய அகப்பையில் ஒரு குடம்பி கூட ஏறியதில்லை. தென் மாகாணத்திலேயே இப்படியொரு ஊர் இல்லை என்று மேலதிகாரியான வைத்திய அதிகாரி வியந்து, வருட முடிவில் சிறந்த பரிசோதகருக்கான மாவட்டக் கேடயம் அவருக்குத்தான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஓய்வு பெறுமுன் வரக்கூடிய கடைசிக் கௌரவம் அது. உபதிஸ்ஸ அன்று மாலையே வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியிலிருந்த பீங்கான் அன்னங்களை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இடம் பண்ணினார். கேடயம் வரும்வரை சும்மா கிடப்பானேன் என்று அவருடைய மனைவி பத்மசீலி அந்த இடத்தில் ஒரு மழைமானியைக் கொண்டுபோய் வைத்தாள்.

பத்மசீலி ஊர் மகா வித்தியாலயத்தில் விஞ்ஞான டீச்சர். உலகத்துப் பள்ளிக்கூடங்களெல்லாம் சேர்ந்து மழையையும் மேகத்தையும் மண்ணையும் அளந்து ஒரே வரைபடத்தில் ஏற்றும் திட்டமொன்றில் தன் பள்ளிக்கூடத்தையும் சேர்த்திருந்தாள். மேகத்தை எண்ணியவரை வீட்டில் சமாதானம் நிலவியது. பிறகு திட்டக்காரர்கள் குடம்பியை எண்ணச் சொன்னார்கள். திங்களும் வியாழனும் பிள்ளைகள் தத்தம் வீட்டில் தண்ணீர் தேங்கிய பாத்திரமொன்றைப் பார்த்து, குடம்பியை எண்ணி, போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எண்ணியதும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் விதி தவறாதவர்கள். எண்ணிய பாத்திரத்தைக் கொட்டினார்கள். எண்ணாத மற்றப் பாத்திரங்களைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் உபதிஸ்ஸ தேத்தண்ணீர்க் கோப்பையோடு மனைவியின் லெப்டொப்பை எட்டிப் பார்த்தார். உலக வரைபடத்தில் ஓரிடம் அம்மை வார்த்ததுபோல் சிவந்து கிடந்தது.

“இது எந்த ஊரு? பாவம், அங்க இன்ஸ்பெக்டரே இல்லயா?”

“இருக்காரு,” என்றாள் பத்மசீலி. “தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு.”

பிள்ளைகள் தூசியை எண்ணியிருப்பார்கள் என்றார். அவள் படங்களைக் காட்டினாள். தூசிக்கு வால் இருந்தது. அதைவிட அதிசயம், மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சிவப்பெல்லாம் மறைந்து ஊர் பால்போல் வெளுத்துவிடும். அது முதல் வியாழன். அடுத்த வாரம் பொட்டுகள் ஒன்றிரண்டாய்த் திரும்பி, பதினைந்து நாளில் பழையபடி பூத்துவிடும்.

இதை அவளுக்கு முன்பே கண்டுபிடித்தவள் ஒரு பின்லாந்துக்காரி. ஹெல்வி என்று பெயர், திட்டத்தின் விஞ்ஞானி. வீடியோவில் வகுப்பறைக்கு வந்து, முதல் வியாழனன்று உங்கள் ஊரில் என்ன நடக்கிறது, பௌர்ணமியா, கடல்காற்றா, ஏதாவது திருவிழாவா என்று கேட்டாள். பத்மசீலி அதைச் சிங்களத்தில் வார்த்தை பிசகாமல் சொன்னாள். வகுப்பு முழுவதும் கூரையைப் பார்த்தது. கூரையில் அப்படியொன்றும் இல்லை.

ஆராய்ந்து சொல்கிறோம் என்று பத்மசீலி ஹெல்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்து புருஷனிடம் இறக்கி வைத்தாள்.

முதலில் அவருக்குப் பெருமை. முதல் வியாழன் தன்னுடைய நாள், அன்றைக்கு ஊரில் குடம்பி இல்லை என்று பின்லாந்தே ஒத்துக்கொள்கிறது. கேடயத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் படுத்தால் மற்ற நாட்கள் வந்து காதருகில் ரீங்காரமிட்டன. அகப்பை பொய் சொல்லாது, பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் குடம்பிகள்தான் நாட்காட்டி பார்க்கின்றனவா? நுளம்பை ஒழிப்பதிலேயே ஆயுளைக் கழித்த மனிதருக்கு, நுளம்பைப் பற்றி முதன்முதலாக ஆசை ஆசையாய் ஒரு கேள்வி பிறந்தது.

முதல் வியாழனுக்கு மட்டுமென்று ஊரில் என்ன உண்டு என்று யோசித்தார். இரண்டு உண்டு. ஒன்று அவர். மற்றது சுகததாச ரொட்டி விற்றுச் சுற்றும் பாண் ஆட்டோ. மற்ற நாட்களில் அது விடியற்காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். முதல் வியாழன் மட்டும் காலை பத்து மணிக்கு, அவருடைய மோட்டார் சைக்கிளுக்குச் சற்று முன்னால், பாட்டை நிறுத்தாமல் ஊரைச் சுற்றும். முடிவில் சந்தியில் நின்று அவருக்கொரு மாலு பாண் எடுத்து வைத்திருக்கும். மீன் நிறைய, உறைப்பு அளவாக. இத்தனை காலமும் அதைத் தற்செயல் என்றே நினைத்து மென்று விழுங்கியிருந்தார்.

“பாட்டுதான் சீலி,” என்றார் ஒரு காலையில், முகத்தில் ஞான ஒளியோடு. “நுளம்பே பாடுற சாதி. அதோட குஞ்சுக்குக் காது இல்லாமப் போகுமா? அந்தப் பத்து மணிப் பாட்டு அதுக்கு ஒத்துக்கல.”

பத்மசீலி ஒரு தரம் இருமினாள். திட்டத்தின் பாடப்படி ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், பாட்டையும் உங்களையும் பிரித்துப் பாருங்கள் என்றாள்.

அடுத்த முதல் வியாழனன்று அவர் வழக்கம்போல் மோட்டார் சைக்கிளின் இருமலோடு கிளம்பினார். பாலத்தடியில் நின்ற ஆட்டோ, அந்த இருமல் கேட்டதும் பாட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போயிற்று. அவர் பாலத்திலிருந்தே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று மாலை பிள்ளைகளின் எண்ணிக்கை வந்தது. ஊரில் குடம்பி இல்லை. பரிசோதகர் இல்லாமலே இல்லை.

உபதிஸ்ஸ கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். உலகச் சுகாதாரத்துக்கே வழி காட்டப்போகும் நடை அது. ஹெல்வி உடனே பதில் எழுதினாள். மிகச் சுவாரசியம், பாதிதான் முடிந்திருக்கிறது, பாட்டில்லாமல் பரிசோதகர் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும், தை மாதம் தன் குழுவோடு பள்ளிக்கூடத்துக்கு நேரில் வருகிறேன் என்று. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் வைத்திய அதிகாரி, கேடயத்தையும் அதே மேடையில் கொடுத்துவிடுவோம் என்று ஏற்பாடு செய்தார்.

மீதிப் பாதிக்கு உபதிஸ்ஸ மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு, கறுவாப்பட்டைத் தோட்டத்தின் ஊடாக நடந்து ஊரின் பின்பக்கமாக நுழைந்தார். ஆட்டோ பாலத்தடியில் இருமலுக்குக் காத்து நின்றது. முதலில் வந்தது பள்ளி அதிபர் விதானகமகேயின் கொல்லை. அந்தூரியப் பூச்சட்டிகள், பெயின்ட் வாளி, உடைந்த கமோட் ஒன்று. அகப்பையை விட்டார். பாயசத்தில் சேமியா போல வந்தது.

அதிபரின் மனைவி கொல்லைக் கதவைத் திறந்து, அவரைப் பேயைப்போலப் பார்த்தாள்.

“ஐயோ மாத்தயா, பாண் இன்னும் வரலியே.”

“பசிக்குதா நோனா?”

“பசி இல்ல மாத்தயா. பாண் வந்தாத்தானே சட்டியெல்லாம் கவுப்போம்.”

இரண்டாவது வீட்டில், பாண்காரனுக்கு என்னாயிற்று என்று அவரிடமே கவலையோடு விசாரித்தார்கள். மூன்றாவது வீட்டில் அகப்பையை விடவே இல்லை. அகப்பையில் இருந்ததைக் கொட்டாமல் ஏந்திக்கொண்டு, ஊர் நடுவே, நேர்த்திக்கடன் எடுத்துப் போகிறவர்போல் பாலத்துக்கு நடந்தார்.

சுகததாச அவரைக் கண்டதும் உண்மையான நிம்மதியோடு எழுந்தான்.

“மாத்தயாவக் காணலன்னு பயந்துட்டேன். உடம்புக்கு ஏதும் முடியலியோன்னு.”

“எத்தன வருஷமாடா மல்லி?” என்றார், வழக்கம்போல் தம்பி முறை வைத்தே.

அவன் அகப்பையைப் பார்த்தான். புரிந்தது.

“சனத்த கோர்ட்டுக்கு அனுப்பிட்டு நான் யாருக்குப் பாண் விக்கிறது?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாத்தயாவுக்கும் நல்ல பேருதானே. கேடயம் வருதுன்னு ஊரே சந்தோஷத்துல இருக்கு. ஏதோ ஒரு வகையில எங்க எல்லாருக்கும் அதுல ஒரு பங்கு இருக்கே.”

மாலு பாணை எடுத்து நீட்டினான். உபதிஸ்ஸவுக்கு அன்று கை நிறைந்திருந்தது.

வீட்டில் மனைவியிடம், உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

“ஊருக்கே தெரியும். வகுப்புல கடைசி பெஞ்சுக்கும் தெரியும். தெரியாதது உங்களுக்கும் பின்லாந்துக்கும்தான்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“கேட்ட ஹெல்விக்கே நான் சொல்லல. நீங்க கேக்கவே இல்லயே.” விஞ்ஞான நேர்மையோடு சேர்த்துச் சொன்னாள். “நம்ம வீட்டுச் சட்டியையும் நான் அந்தப் பாட்டுக்குத்தான் கவுக்கிறேன்.”

தை மாதம் வந்தது. பள்ளி மண்டபத்தில் குத்துவிளக்கு, வெற்றிலை, பாற்சோறு. மேசைமேல் வெல்வெட் துணிக்கு அடியில் கேடயம். பிள்ளைகள் வரைபடத்தைத் திரையில் காட்டி, முதல் வியாழனுக்கு வந்ததும் ஆசிரியை எழுதிக் கொடுத்தபடி ‘காரணம் ஆராயப்படுகிறது’ என்று வாசித்துவிட்டு, எல்லோரும் உபதிஸ்ஸவைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேடயம் வீட்டுக்கு வந்துவிடும். அதை அவர் நன்றாக அறிவார். முதல் வரிசையில் ஹெல்வி, மூக்கு நுனியில் மாதொலகம நுளம்பு கடித்த தடிப்போடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவர் இவ்வளவு ஆவலாகப் பதிலுக்குக் காத்திருந்ததை அவர் உத்தியோக வாழ்க்கையில் பார்த்ததில்லை. பதில் தெரிந்துகொண்டு பேசாமலிருப்பது அவருக்குத் தும்மலை அடக்குவதுபோல் இருந்தது.

எழுந்தார். பாட்டு இருந்து தான் இல்லாத நாளில் குடம்பி இல்லை, தான் இருந்து பாட்டு இல்லாத நாளில் ஊர் நிறையக் குடம்பி, ஆகவே மாதொலகமவின் சுகாதாரப் பரிசோதகர் பாண் ஆட்டோதான் என்று, சாட்சிக் கூண்டில் நின்றவர்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். வைத்திய அதிகாரி வெல்வெட் துணியின் மடிப்பைச் சரிசெய்தார். வெகுநேரம் சரிசெய்தார்.

கை தட்டியது ஹெல்வி மட்டும்தான். தட்டிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாள். குடம்பிக்குச் சிறகு முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதே, அந்த ஆட்டோ மாதம் ஒரு முறைக்குப் பதிலாக வாரம் ஒரு முறை வந்தால் என்ன ஆகும்?

கேடயம் பக்கத்துப் பிரிவின் பரிசோதகர் விஜேகோனுக்குப் போயிற்று. அவருடைய பிரிவிலும் அப்படித்தான், எப்போது போனாலும் குடம்பி இல்லையாம். கண்ணாடி அலமாரியில் மழைமானி நிரந்தர உத்தியோகம் பெற்றது.

உபதிஸ்ஸ ஹெல்வியின் கேள்வியைக் கையிலெடுத்தார். இப்போதெல்லாம் பாண் ஆட்டோ வாரத்தில் ஏதோ ஒரு நாள், எந்த நாளென்று சொல்லாமல், பத்து மணிக்குப் பாடிக்கொண்டு வருகிறது. பின்னால் மோட்டார் சைக்கிள் சிலசமயம் இருமும், சிலசமயம் இருமாது. நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் ஊர் எல்லாச் சட்டியையும் கவிழ்த்து வைக்கிறது. வரைபடத்தில் சிவப்பு மெல்ல வெளுத்துக்கொண்டு வருகிறது. பிள்ளைகளுக்கு எண்ணக் குடம்பி கிடைக்காமல், மறுபடி மேகத்தை எண்ணப் போயிருக்கிறார்கள்.

ஒருநாள் சுற்று முடிந்து சந்தியில் மாலு பாண் தின்றுகொண்டிருந்தவர், பாதியில் மெல்லுவதை நிறுத்தினார்.

“மல்லி, அந்த விஜேகோன் மாத்தயாட பிரிவுல பாண் விக்கிறது யாரு?”

சுகததாச பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

“என் மச்சான்,” என்றான்.