முதுகைக் காட்டி நிற்பவன்

பந்து கோலை நெருங்கும்போதும் இக்னேசியஸ் திரும்ப மாட்டான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வெள்ளைக் கோட்டருகே கைகட்டி நின்று, பார்க்க வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால், "பந்தைப் பாக்க ஆயிரம் பேர் இருக்கினம் அக்கா. அவையளைப் பாக்க நான் ஒருத்தன்தான்" என்பான். கோல் விழுந்ததா, கம்பத்தில் பட்டதா என்பதைச் சனத்தின் முகத்திலேயே படித்துவிடுவான். என் தம்பி அதில் பிழைவிட்டு நான் கண்டதில்லை.

துறைமுகத்தில் கிடைத்த எழுதுவினைஞர் வேலையை விட்டுவிட்டு, கோயில் பெருநாட்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தான். பிறகு அதே ஒலிபெருக்கியில் உதைபந்தாட்ட வர்ணனை செய்தான். பிறகு மைதானத்தைச் சாக்குத் துணியால் சுற்றி மறைத்து, ரிக்கற் போட்டு, தானே போட்டிகள் நடத்தினான். கொழும்பில் தொலைக்காட்சி தொடங்கியதும் அங்கே தயாரிப்பாளனாகச் சேர்ந்தான். அதுவும் போதாதென்று, சொந்தக் கமராவோடு ஊருக்கு வந்துவிட்டான்.

அவனுக்குத் துறைமுகம் தெரியும் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை. சாப்பிடும்போது துணைக்கு வானொலி. கலியாணப் பேச்சை எடுத்தால், "இந்த மட்ச் முடியட்டும்" என்பான். எந்த மட்ச் என்று நான் கேட்பதில்லை.

சென்ற ஆனியில் அவன் நடத்திய போட்டியில் சாம்பல்தீவு அணிக்கும் இறக்கக்கண்டி அணிக்கும் இறுதியாட்டம். படம்பிடித்துக் கொடுத்தால் அடுத்த கிழமை ஒளிபரப்புவதாகக் கொழும்பில் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, சனம் நிறைந்திருக்க வேண்டும். அது சரிவந்தால் கிழமைதோறும் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும். காரில் ஒலிபெருக்கி கட்டி, "ஞாயிற்றுக்கிழமை எங்கட மட்ச்! ரீவியிலயும் வருகுது!" என்று தெருத்தெருவாய்ச் சொல்லித் திரிந்தான்.

ஞாயிறு பின்னேரம் ஆட்டம் தொடங்கியபோது கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். எல்லோருக்கும் அண்ணனான ஹிஸ்புல்லா காக்காவின் கடைவாசலில் ஊரே குந்தியிருந்தது. எதிரே ஒரு ரீவிப் பெட்டி. ஒளிபரப்பு இன்னும் தொடங்காததால் கண்ணாடி இருண்டு கிடந்தது.

மட்ச் அங்கே நடக்கிறது என்றேன்.

"நடக்கட்டும் புள்ள, நீங்களும் வந்து குந்துங்க. வெயில்ல காயுறதுக்கா ரீவியில போடுறாங்க?" என்றார் காக்கா.

இன்று படம்பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினால்தான் அடுத்த கிழமை வரும் என்று விளக்கினேன். ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால் முன்வரிசை இடம் போய்விடுமாம்.

திரும்பிவந்து சொன்னேன். தம்பி யாரையும் ஏசவில்லை. "அடுத்த கிழமை எண்டு நான் சொல்லேல்லை அக்கா" என்றான்.

அன்று படம்பிடித்த நாடாவைக் கொழும்பில் ஏற்கவில்லை. வெறும் கதிரைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்களாம்.

ஆனால் அன்று அதெல்லாம் தெரியுமுன்னே, இறக்கக்கண்டிக்காரர் பந்தை வலைக்குள் அடித்தார்கள். கமராவை முக்காலியில் ஓடவிட்டு, வழக்கம்போல மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மைக்கைப் பிடித்தபடி நின்ற தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"விழுந்திட்டுதோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

மைக்கைச் சட்டைப்பையில் செருகினான். வெறும் கதிரைகளைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் பலமாகத் தட்டத் தொடங்கினான்.